ஐரோப்பாவில் முதன்முறையாக

வேலையில இருந்த காலம் முழுக்க என்னட்ட எங்கட ஆக்கள் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: "வசந்தியக்கா, ஜேர்மன் விசா ஒண்டு கெதியா எடுத்துத் தரேலுமோ?" ஏலாது எண்டால் முகம் சுருங்கிப் போகும். "அப்ப உவா அங்க போய் என்னத்தைத்தான் கிழிக்கிறா?" எண்டு விம்பிள்டன் கோயில்ல சாப்பாட்டு வரிசையில எனக்குப் பின்னாலயே நிண்டு கதைப்பினம். எனக்குக் காது நல்லாக் கேக்கும் எண்டது அவைக்குத் தெரியாது.

இப்ப பென்சன் எடுத்து மோர்டனில வீட்டோட இருக்கிறன். போன மாதம் அரசாங்க வேலையில இருக்கிற எங்கட பிள்ளையள் ரெண்டு மூண்டு பேர் வந்து, "அன்ரி, திரும்பவும் ஒன்றியத்தோட பேச்சுவார்த்தை எண்டு எங்கட ஒஃபீஸில தொடங்கிட்டினம், உள்ளுக்க எப்பிடி நடக்கிறது எண்டு தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை, ஒருக்கா எழுதித் தாங்கோ" எண்டு கேட்டவை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இத்தினை வருசத்துக்குப் பிறகாவது விசா கேக்காமல் ஆரோ வந்திருக்கினம்.

ஒன்றியம் எண்டால் எது எண்டு பேர் சொல்லத் தேவையில்லை. இந்த நாட்டுச் சனம் ஓட்டுப் போட்டு வெளியில வந்துதே, அதுதான். கணக்கியல் படிக்க எண்டு லண்டன் வந்து, கணக்கு ஓடாமல் பிரெஞ்சு படிச்சு, அந்த ஒன்றியத்தின்ர ஆணையம் லண்டனில வைச்சிருந்த அலுவலகத்தில ரெலிபோன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு சாப்பாடு, விவசாயம் எண்டு வாற கேள்வியளுக்குப் பதில் சொல்லுற மேசைக்கு வந்தனான். எழுத ஒரு வரிதான். பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆணையம் எண்டது ஒன்றியத்தின்ர நிர்வாகம். சட்ட வரைவை எழுதுறது அவை. நாடுகளும் பாராளுமன்றமும் ஓம் எண்டாப் பிறகு அதை நடத்திறதும், மீறினவையைப் பிடிக்கிறதும் அவை. ஒவ்வொரு நாட்டிலயிருந்தும் ஒரு ஆணையாளர் போவார். போனவுடன நீதிமன்றத்தில சத்தியம் பண்ணவேணும், என்னை அனுப்பின நாடு என்ன சொன்னாலும் கேக்கமாட்டன் எண்டு. இதைமட்டும் என்னால எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தவே ஏலாமல் போட்டுது. "அனுப்பினவைக்கு ஒண்டும் செய்யான் எண்டால் பிறகேன் பிள்ளை அவனை அனுப்புவான்?" எண்டு சிவபாதம் அண்ணை ஒருநாள் கேட்டவர். மோர்டனில பலசரக்குக் கடை வைச்சிருந்த மனுசன். அவர் கேட்டதிலயும் நியாயம் இருக்கு, ஆனா நான் சம்பளம் வாங்கிறது மற்றப் பக்கத்திட்டயல்லோ.

ஆணையாளர்கள் கிழமைக்கு ஒருக்கா ஒரு மேசையில கூடுவினம். கனக்க அலுவல் அந்த மேசைக்கு வரவே வராது. ஒரு திணைக்களம் வரைவு எழுதி மற்றத் திணைக்களங்களுக்கு அனுப்பும், இந்த நாளுக்குள்ள மறுப்பு இருந்தால் சொல்லுங்கோ எண்டு. சொல்லாட்டி, ஓம் எண்டதாக் கணக்கு. பிறகு மேல போகும், அங்கயும் அதே மாதிரி. ஆரும் வாய் திறக்கேல்லையோ, நிறைவேறிட்டுது. எங்கட கலியாண வீடுகளில நடக்கிறதுக்கு நேர் மாறு. எங்கட பெரியப்பாமார் சம்பந்தம் பேசேக்க வாய் திறவாயினம், மண்டபத்தில சாப்பிட்டு வெத்திலை போட்டாப் பிறகுதான் "எனக்கு உது அப்பவே பிடிக்கேல்லை" எண்டு தொடங்குவினம். ஆணையத்தில அந்த வாய்ப்பு இல்லை. நாள் முடிஞ்சால் வாயும் முடிஞ்சுது.

எங்கட அலுவலகத்துக்குத் தலைவியா வந்தவா கிர்ஸ்தி எண்டு ஒரு பின்லாந்து மனுசி. நெடுவல், வெள்ளைத் தலை, பேச்சே இல்லை. நாங்கள் எழுதின அறிக்கையைக் குடுத்தால் வாங்கி வாசிப்பா. நல்லம் எண்டால் மேசையில வைச்சிட்டுத் தன்ர வேலையைப் பாப்பா. சரியில்லை எண்டால் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்து விடுவா. அவ்வளவுதான். ஒரு சொல்லு வராது. மாசி மாதக் குளிருக்க ஜன்னலைத் திறந்துபோட்டு அவா சுவெற்றரோட இருப்பா, நான் நடுங்கிக்கொண்டு என்ர வசனத்தில எங்க பிழை எண்டு தேடுவன். பிழை இருக்கும். ஒருநாளும் அவா சும்மா திறந்ததில்லை. முதல் வருசம் அந்த மனுசியை நான் திட்டாத திட்டில்லை, தமிழிலதான். பிறகு பிறகு, அவா உள்ளுக்க இருந்தால் எனக்கு ஒரு தெம்பு.

இனிக் குகன்ர கதைக்கு வாறன்.

குகன் ஹவுன்ஸ்லோவில கடை வைச்சிருக்கிறவன். அதுக்கு முதல் எயார்ப்போட்டில பெட்டி தூக்கி ஏத்திற வேலை. முள்ளந்தண்டு தேய்ஞ்சு, இனித் தூக்கினால் படுக்கைதான் எண்டு டொக்டர் சொல்ல, வீட்டை அடகு வைச்சுக் கடையைத் திறந்தவன். பலசரக்கில பெரிசா ஓடேல்லை. ஓடினது ஒடியல் மா. பனங்கிழங்கைக் காயவைச்சு அரைக்கிற மா, கூழுக்குப் போடுறது. அதை அவன் ஊரிலயிருந்து இறக்கி, வடிவான பைக்கற்றில போட்டு, பாரிஸ், சூரிச் எண்டு எங்கட ஆக்கள் இருக்கிற இடமெல்லாம் அனுப்பினவன். கடை நிமிர்ந்தது அந்த மாவில.

எங்கட கடைக்காரருக்கு ஒரு பழக்கம் இருக்கு. எதை வித்தாலும் "முதன்முறையாக" எண்டு போடாட்டி அவைக்குக் கை நடுங்கும். இடியப்பத் தட்டு வித்தாலும் லண்டனில் முதன்முறையாக. போன வருசம் வந்த பாட்டுக்காரர் இந்த வருசமும் வந்தால், அதுவும் முதன்முறையாக. குகனும் விடுவானோ? பைக்கற்றில கொட்டை எழுத்தில "ஐரோப்பாவில் முதன்முறையாக" எண்டு போட்டான். தமிழில மட்டும் போட்டிருந்தால் தப்பியிருப்பான். மகளைக் கொண்டு ஆங்கிலத்தில, பிரெஞ்சில, ஜேர்மனில எல்லாம் போடுவிச்சான்.

ஏதோ ஒரு நாட்டில உணவுக் கண்காட்சி ஒண்டு. அங்க ஒரு பரிசோதகர் அந்தப் பைக்கற்றைக் கையில எடுத்திருக்கிறார். ஒன்றியத்தில ஒரு விதி இருந்தது: தொண்ணூறுகளில ஒரு வருசத்தைக் கோடாக் கீறி, அதுக்கு முதல் ஒன்றியத்துக்குள்ள சனம் பரவலாச் சாப்பிடாத சாமான் எண்டால் அது புது உணவு, பாதுகாப்பு நிரூபிச்சு அனுமதி எடுக்குமட்டும் விக்கேலாது. பரிசோதகர் என்ன செய்வார்? விக்கிறவனே முதன்முறை எண்டு நாலு பாசையில எழுதியிருக்கிறான். அப்பிடியே மேல அனுப்பிப்போட்டார். பிரசல்ஸில புது உணவுப் பட்டியலுக்கான வரைவில, வேற ஏதேதோ விதை வேரோட சேர்த்து, ஒடியல் மாவும் ஏறிட்டுது.

குகன் என்ர வீட்டு வாசல்ல வந்து நிண்ட கோலம் இப்பவும் கண்ணுக்க நிக்குது. அவன்ர மனுசி சுதா பின்னால, கண் கலங்கி.

"அக்கா, உது நடந்தால் கடை போச்சு. கடை போனால் வீடு போச்சு. திரும்பப் பெட்டி தூக்க இந்த முதுகு இடம் குடாது."

"ஏனடா பைக்கற்றில அப்பிடிப் போட்டனீ?"

"எல்லாரும் போடுறவை தானே அக்கா!"

அடுத்த நாள் கிர்ஸ்தியிட்டச் சொன்னன். சொந்தக்காரர் எண்டால் முதலே சொல்ல வேணும், அது எங்கட விதி. "இவர் உமக்கு என்ன முறை?" எண்டு கேட்டா. என்ர மனுசன்ர ஒண்டுவிட்ட சித்தப்பாவின்ர மச்சான்ர மகன் எண்டு ஆங்கிலத்தில கட்டிக் கட்டிச் சொல்லி முடிச்சன். அவா, "பின்லாந்தில அவரை நாங்கள் அந்நியர் எண்டு சொல்லுவம்" எண்டா. பிறகு, "எங்களால எதிர்க்க ஏலாது. தெரிவிக்க ஏலும்" எண்டா. அந்த வருசம் அவா சொன்னதிலயே நீளமான பேச்சு அதுதான். நான் ஜன்னலைப் பாத்தன். திறக்கேல்லை.

லண்டன் அலுவலகத்துக்கு மறுப்புச் சொல்லுற உரிமை இல்லை, அதுதான் அர்த்தம். வரைவுக்குப் பொறுப்பானவர் மத்தியாஸ் எண்டு ஒரு ஒஸ்ரியாக்காரர். வேற அலுவலா லண்டன் வாறார், வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட மறுப்புச் சொல்லுற நாள் முடியுது. வெள்ளி காலமை அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுறன் எண்டா கிர்ஸ்தி. அதுக்குள்ள, அந்தக் கோட்டு வருசத்துக்கு முதலே இங்க ஒடியல் மா பரவலாப் புழங்கினது எண்டு காட்ட ஒரு ஆள் வேணும்.

விசயம் வெளியில கசிய எங்கட சங்கங்கள் கிளம்பிட்டினம். ஒடியல் ஆயிரக்கணக்கான வருசப் பழசு எண்டு ஒரு மகசர். பனை எங்கட தெய்வீக மரம் எண்டு இன்னொண்டு. "அண்ணைமாரே, அவை கேக்கிறது யாழ்ப்பாணத்தில எப்ப சாப்பிட்டது எண்டில்லை, இங்க எப்ப சாப்பிட்டது எண்டுதான்" எண்டு தொண்டை கிழியக் கத்தினன். ஒருத்தருக்கும் ஏறேல்லை. உண்மையா அதைச் சொல்லக்கூடியவர் ஒராள்தான் இருந்தவர். சிவபாதம் அண்ணை. குகன் கடை திறக்கிறதுக்குக் கனகாலம் முன்னமே பேரில்லாத பையில கட்டி அந்த மாவை வித்த மனுசன் அவர். குகன்ர பைக்கற்றைக் கண்ட நாளிலயிருந்து அவனோட கதையில்லை. கோயில்ல அவன் தெற்கு வீதி எண்டால் இவர் வடக்கு வீதி.

"சொல்லுறன் பிள்ளை" எண்டார். "ஏன் சொல்ல மாட்டன்? ஆனா அவன் என்ர முகத்தைப் பாத்து, 'அண்ணை, நீங்கள்தான் முதல்' எண்டு சொல்லட்டும். அந்த வெள்ளைக்காரனுக்கு முன்னால சொல்லட்டும்."

குகனிட்டப் போனன். "கடையை இழுத்துப் பூட்டினாலும் பூட்டுவன், உது சொல்ல மாட்டன்" எண்டான். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. அடகு வைச்ச வீடு, தேய்ஞ்ச முதுகு, எல்லாத்தையும் விட இவனுக்குப் பெரிசு அந்த ஒரு சொல்லு. சுதாதான் முடிச்சு வைச்சவள். "நீங்கள் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன், அப்ப இன்னும் வடிவாயிருக்கும்" எண்டாள். குகன் அடங்கினான். ஒரே ஒரு வசனம், ஆங்கிலத்தில, நான் எழுதிக் குடுத்துப் பாடமாக்கினான்.

வெள்ளிக்கிழமை. கிர்ஸ்தியின்ர அறை. மத்தியாஸ் நல்ல மரியாதையான மனுசன், கழுத்தில மஞ்சள் ரை. "நாங்கள் வியாபாரியின்ர சொந்தச் சொல்லைத்தான் நம்பினனாங்கள்" எண்டு பைக்கற்றைக் காட்டினார். அவரைப் பிழை சொல்லேலாது. நான் குகனைப் பாத்தன். குகன் எழும்பி, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, சிவபாதம் அண்ணையைப் பாத்து ஆங்கிலத்தில சொன்னான்: "இவர் இதை முதலில் விற்றவர்களில் ஒருவர்."

நான் எழுதிக் குடுத்தது அதில்லை.

"ஆரில ஒருத்தர்?" எண்டார் சிவபாதம் அண்ணை, தமிழில. "ஆரடா மற்றவன்?"

"நான்தான்! கடை இல்லாட்டி வியாபாரம் இல்லையோ? மினிகாப் ராக்சி ஓடேக்க காரின்ர பின் பெட்டியில வைச்சு வீடு வீடாக் குடுத்தனான்!"

"எப்ப?"

"பெரிய புயல் அடிச்சு லண்டனில மரமெல்லாம் விழுந்துதே, அடுத்த நாள். ரோட்டில மரம் கிடக்க, நடந்து கொண்டுபோய்க் குடுத்தனான்!"

"அந்தப் புயலில என்ர கடை முகப்பே பறந்தது, மூடா! உள்ளுக்க ஒடியல் மூட்டை நனைஞ்சு போச்சு!"

மத்தியாஸ் என்னைப் பாத்தார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினன். ஆள் ஆளுக்குக் கத்தேக்க எப்பிடி மொழிபெயர்க்கிறது? மூடா எண்டதை "நண்பரே" எண்டு மாத்தினன். புயல் எந்த வருசம் எண்டு கேட்டார். அதை லண்டனில ஆர் மறப்பினம், சொன்னன். கோட்டுக்குப் பத்து வருசம் முன்னால. குனிஞ்சு எழுதத் தொடங்கினார்.

"பரவலாச் சாப்பிட்டவையோ எண்டு கேளுங்கோ" எண்டார். கேட்டன்.

"பரவலாவோ!" சிவபாதம் அண்ணை எழும்பிட்டார். "புயலுக்கு அடுத்த வருசம் மோர்டன் பார்க்கில விளையாட்டுப் போட்டி வைச்சம், ரெண்டு கிடாரம் கூழ், என்ர மா. சனம் வளைஞ்சு வளைஞ்சு நிண்டது. உவனும் வாளியோட வந்தவன், ரெண்டாந்தரம் வாங்க!"

"நான் வாங்க வரேல்லை! உப்புக் காணாது எண்டு சொல்ல வந்தனான்!"

"உப்போ? என்ர கூழுக்கு உப்புக் காணாதோ?"

"ஊரெல்லாம் சொன்னது! நண்டும் காணாது!"

மத்தியாஸ் பேனையை நிப்பாட்டினார். "அவர் என்ன சொல்கிறார்?"

"உப்புக் குறைவு எண்டு சொல்லுறார்."

"அப்ப அவர் சாப்பிட்டிருக்கிறார்."

"ஓம். கனக்கச் சாப்பிட்டிருக்கிறார்."

"உப்புக் குறைவு" எண்டு அந்த மனுசன் கவனமா எழுதினார். பிறகு கிர்ஸ்தியைப் பாத்து, "புது உணவுக்கு ஒருத்தரும் இப்பிடிச் சண்டை பிடிக்க மாட்டார்கள்" எண்டார். ஆதாரமா படம், பழைய விளம்பரம், சாட்சிக் கையெழுத்து எல்லாம் பிறகு அனுப்பவேணும் எண்டு சொன்னார், அது ஒரு பெரிய வேலையில்லை, விளையாட்டுப் போட்டியில நிண்ட பாதிச் சனம் இப்பவும் மோர்டனிலதானே இருக்கு.

எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் மூச்சு விட்டன். முடியேல்லை. தன்ர வரைவைத் தானே திரும்ப எடுத்தால் முழுப் பட்டியலும் விழுந்து எல்லாம் முதலிலயிருந்து தொடங்கவேணுமாம். வேற ஒரு திணைக்களம் இந்த ஒரு வரிக்கு மட்டும் மறுப்புச் சொன்னால் அந்த வரியை மட்டும் வெட்டலாமாம். மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். மத்தியாஸ் எங்கட ரெலிபோனை எடுத்து வர்த்தகத் திணைக்களத்தில தன்ர சிநேகிதன் ஒருத்தனை அழைச்சார். "தயவுசெய்து என்னை எதிர்" எண்டு கெஞ்சினார். "இல்லை, கோபம் ஒண்டும் இல்லை. எதிர்த்தால் போதும்." சிநேகிதன் நம்பேல்லை. இதில ஏதோ பொறி இருக்கெண்டு நினைச்சிருக்கிறான், பாவம். ஒரே ஆணையத்தில வேலை செய்யிறவன் தன்னையே எதிர்க்கச் சொல்லிக் கேட்டால் ஆர் நம்புவான்?

கிர்ஸ்தி கையை நீட்டி ரெலிபோனை வாங்கினா. ஒண்டும் கதைக்கேல்லை. கனநேரம் காதில வைச்சிருந்தா. அந்தப் பக்கத்தில அந்த ஆள் "ஹலோ, ஹலோ" எண்டு கத்திறது எனக்குக் கேட்டுது. கடைசியில, "எழுதுங்கள்" எண்டு ஒரு சொல்லு. வைச்சிட்டா. கொஞ்சத்தில ஒரு வரி மறுப்பு வந்து சேர்ந்தது. குகனும் சிவபாதம் அண்ணையும் அப்பவும் உப்பைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு நிண்டவை. குகன்ர கடை தப்பிட்டுது எண்டு நான் ரெண்டுதரம் சொல்ல வேண்டியிருந்தது.

அண்டைக்கு நான் பட்ட சந்தோசம் வேலையில வேறொருநாளும் பட்டதில்லை. ஆணையம் எண்டால் தூரத்தில இருக்கிற கல்லுக் கட்டடம் எண்டுதான் ஊர் நினைக்குது. அது பிழை, அது ஆக்கள், கேட்டால் கேக்கிற ஆக்கள் எண்டு எத்தினை பள்ளிக்கூடம், எத்தினை மண்டபம் ஏறிச் சொல்லியிருப்பன். இப்ப எங்கட ஆக்களுக்கே கண்ணுக்கு முன்னால காட்டியாச்சு எண்டு நினைச்சன்.

பிறகு அந்த ஓட்டெடுப்பு வந்தது. முடிவு வந்த அண்டைக்கு அலுவலகத்தில ஒருத்தரும் ஒருத்தரின்ர முகத்தைப் பாக்கேல்லை. பின்னேரம் வீட்ட போக மனமில்லாமல் ஹவுன்ஸ்லோவுக்குப் போனன். கடையில நல்ல சனம். குகன் மா நிறுத்துக்கொண்டு நிண்டவன், என்னைக் கண்டவுடன ஓடி வந்து கதிரை போட்டான்.

"நீ என்னடா போட்டனீ?" எண்டு கேட்டன்.

"வெளியில எண்டுதான் அக்கா." மறைக்கேல்லை, வெக்கமும் இல்லை. "சிவபாதம் அண்ணை இருப்பம் எண்டு போட்டவராம். அது ஒண்டே போதும். அதோட, அவை என்ர மாவுக்கே வயசு கேட்டவையல்லோ! மறப்பனோ?"

"பாவி, உன்ர கடையைக் காப்பாத்தினது அவையல்லோடா!"

"அவையோ?" குகன் சிரிச்சான். "சும்மா போங்கோ அக்கா. நீங்களல்லோ காப்பாத்தினது. நீங்களும், அந்தக் கதையாத மனுசியும், மஞ்சள் ரை கட்டின அந்த நல்ல மனுசனும்."

எனக்கு அழுகையும் வந்தது, அவனுக்கு ஒண்டு போடலாம் போலவும் வந்தது.

"அவை எண்டு ஆரையடா நினைச்சுக்கொண்டிருந்தனீ?" எண்டன். "நாங்கள்தானடா அவை."

குகன் கையில இருந்த மாப் பையைக் கீழ வைச்சான். சத்தம் குறைச்சுக் கேட்டான்.

"அப்ப... இனி உங்கட வேலை, அக்கா?"

என்ர வேலையைப் பற்றி அவன் என்னட்டக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.